மிச்சக் குச்சி

என் மாமனார் விற்பது இரண்டு டப்பா. பெரிய டப்பாவில் தேன் மாதிரிக் கெட்டியாக ஒன்று இருக்கும். சின்ன டப்பாவில் கெட்டுப்போன மீன் வாடையோடு தண்ணீராக ஒன்று இருக்கும். பெரியதில் இரண்டு பங்கு, சின்னதில் ஒரு பங்கு எடுத்து ஒரு கப்பில் ஊற்றிக் கலக்கினால் பசை. அது இறுகுவதற்குள் மரத்தோடு மரத்தைச் சேர்த்து வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் தொழில். இதை அவர் 'பிணைப்பு விஞ்ஞானம்' என்பார். விசிட்டிங் கார்டில் அவர் பெயருக்குக் கீழே நிறுவனர், தலைவர், தலைமைப் பிணைப்பாளர் என்று மூன்று வரி இருக்கும். கம்பெனியில் மொத்தம் நாலு பேர்: அவர், அவர் மகளான என் மனைவி, நான், டப்பாவுக்கு மூடி முறுக்கும் இயந்திரம். இயந்திரத்தை அவர் 'யூனிட் டூ' என்று மரியாதையாகக் குறிப்பிடுவதால் நானும் ஆள் கணக்கில் சேர்த்துவிட்டேன். எனக்கு அப்படிப் பட்டம் எதுவும் கிடையாது. மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

கப்பல் கட்டுகிறவர்கள் எங்களைத் தேடி வருவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் துடுப்புப் போடுகிற சின்னப் படகை ஆசைக்குக் கட்டுகிறவர்கள். கார் நிறுத்தும் இடத்தில் கட்டுவார்கள், மாடியில் கட்டுவார்கள், வீட்டுக்காரி பொறுத்துக்கொள்கிற வரை வரவேற்பறையில் கட்டுவார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு பல் டாக்டர் உண்டு, ரிட்டயரான பஸ் டிரைவர் உண்டு, மனைவியோடு பேச்சு வார்த்தை இல்லாத கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. கட்டி முடித்த படகு கதவு வழியாக வெளியே வராது என்பதைக் கடைசி நாளில் கண்டுபிடித்து, "பசையக் கரைக்க ஏதாவது வழி இருக்கா சார்?" என்று கேட்டவர்கள் நிறைய. வழி இல்லை. சுவரைத்தான் இடிக்க வேண்டும். இரண்டு பேர் இடித்திருக்கிறார்கள்.

ஃபோனை எடுப்பது என் வேலை. "சின்ன டப்பாவுல கொஞ்சம் கூட ஊத்தினா சீக்கிரம் காயுமா?" என்ற கேள்வி வராத நாளே கிடையாது.

"காயாதுங்க. ரெண்டுக்கு ஒண்ணு. கூடப் போனாலும் கெட்டுடும், குறைஞ்சாலும் கெட்டுடும்."

மறுமுனையில் ஒரு 'ஓஹோ' கேட்கும். கம்பெனி ரகசியத்தை நான் மறைக்கிறேன் என்று அர்த்தம். "சரி, சரி" என்று வைத்துவிட்டுக் கொஞ்சம் கூடத்தான் ஊற்றுவார்கள். மனுஷன் தாராளமானவன்.

இந்தத் தாராளத்துக்காகத்தான் என் மனைவி ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். படகுக்குப் பசை கலக்கும்போதெல்லாம் கப்பின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதை எறியக் கூடாது. அதே படகின் பலகையை அறுத்தபோது விழுந்த துண்டு இரண்டை எடுத்து, அந்த மிச்சத்தால் ஒட்டி, காய்ந்ததும் எங்களுக்கு அனுப்ப வேண்டும். விரல் நீளம் இருந்தால் போதும். குச்சி என்போம். என் மனைவி அதை மேஜையில் பொருத்திய இடுக்கியில் பூட்டி, ஒரு குழாயை மாட்டி நெம்பி உடைப்பாள். மரம் கிழிந்தால் நல்லது. ஒட்டிய கோடு சுத்தமாகப் பிரிந்து வந்தால் அந்த வீட்டுக்கு உடனே ஃபோன் போகும். பிறகு உடைந்த துண்டுகளை நூலில் கட்டிச் சுவரில் மாட்டுவாள். அனுப்பியவருக்கு ஒரு அட்டை எழுதுவாள். 'மரம் விட்டது. பசை விடவில்லை.' நல்ல செய்தி என்றால் அவ்வளவுதான் வாசகம். அவள் கெமிஸ்ட்ரி படித்தவள். வார்த்தையையும் நிறுத்துத்தான் போடுவாள்.

கல்யாணமான புதிதில் நான் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். "தினம் காலையில எழுந்து குச்சி உடைக்கற குடும்பத்துல வந்து மாட்டிக்கிட்டேனே" என்றேன். அவள் என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து உடைக்கச் சொன்னாள். குழாயில் தொங்கி, முழங்காலை ஊன்றி, முகம் சிவந்து உடைத்தேன். சத்தம் கேட்டது. பார்த்தால், ஒட்டிய கோடு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் மரம் நார் நாராகக் கிழிந்து நின்றது. எத்தனையோ வருஷம் ஒன்றாகவே வளர்ந்த இடத்தில் மரம் பிரிந்துவிட்டது. போன வாரம் அறிமுகமான இடத்தில் பிரியவில்லை. நான் கிண்டல் செய்யாத விஷயங்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் அதில் முதலில் வருவது இந்தக் குச்சிதான். இரண்டாவது எது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தையல்காரம்மா எங்களுக்கு அறிமுகமானது ஃபோனில் சண்டை போட்டுத்தான். ஏரிக்கு இந்தப் பக்கம், கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். ஏரிக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா வீடு. ஒரு நாள் அக்கா வீட்டில் உட்கார்ந்து, "நானே ஒரு படகு கட்டி, நேரா உன் வீட்டு வாசலுக்கு வருவேன் பாரு" என்றிருக்கிறார் இவர். அதற்கு அக்கா, "நீ தச்ச சட்டையில ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. உன் படகு வட்டமாத்தான் சுத்தும்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்றைக்குக் கிளம்பியவர் திரும்ப அங்கே போகவில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு பஸ் போகிறது.

"பஸ்ல போனா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும் தம்பி" என்பார் என்னிடம். "போனா படகுல போவேன். இல்லன்னா போக மாட்டேன்."

அவர் தேர்ந்தெடுத்தது தைத்து ஒட்டுகிற படகு. மெல்லிய பிளைவுட்டை அளவாக அறுத்து, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். பிறகு உள்மூலைகளில் பசையைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கம்பியை எல்லாம் உருவி எடுத்துவிட வேண்டும். தைத்தது போய்விடும், ஒட்டியது நிற்கும். இதை நான் ஃபோனில் விளக்கினேன்.

"தச்சத நானே பிரிக்கணுமா?"

"ஆமாம்மா."

"என் கடையில தையல் பிரிஞ்சா அடிக்க வருவாங்க தம்பி. உங்க தொழில்ல அதுக்குப் பேரு முறையா?"

ஆனாலும் கட்டினார். கடைக்குள்ளேயே கட்டினார். முடிகிற சமயத்தில் அவருடைய குச்சிகள் ஒரு பெட்டியில் மொத்தமாக வந்து சேர்ந்தன. சேர்த்து வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு என்பதால் என் மனைவிக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. அத்தனையையும் உடைத்தாள். அத்தனையிலும் மரம்தான் கிழிந்தது. அட்டை எழுதி அனுப்பினாள்.

அட்டை போன மறுநாளே மாமா விழா ஏற்பாட்டில் இறங்கிவிட்டார். வருகிற ஞாயிறு படகு ஏரியில் இறங்கும். படகு மன்றத் தலைவர் வருவார். 'பிணைப்பின் பெருவெற்றி' என்று ஒரு பேனர். சிறப்பு விருந்தினர், விழாத் தலைவர், படகில் முதலில் ஏறி அமர்ந்து கையசைப்பவர் எல்லாம் மாமா ஒருவரே.

அந்த வாரம் புதன்கிழமை தையல்காரம்மா எங்களை அழைக்க நேரில் வந்தார். கழுத்தில் அளவு டேப், தலையில் செருகிய ஊசி, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சுவர் முழுக்க உடைந்த குச்சிகள்.

"என்ன தம்பி இது, குப்பைய சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்க?"

"எல்லாம் கஸ்டமருங்க அனுப்பினதும்மா."

"இப்படியா அனுப்புவாங்க? ஒழுகி, வழிஞ்சு, கைரேகையோட. பாக்கவே அசிங்கமா இருக்கு. என்னோடது எங்க?"

என் மனைவி எடுத்துக் காட்டினாள். உண்மையிலேயே மற்றவை நடுவில் அவை ராஜகுமாரிகள் மாதிரி இருந்தன. ஓரம் தேய்த்து வழவழப்பாக, எல்லாம் ஒரே அளவில்.

"பாத்தியாம்மா? மாதிரின்னா இதான் மாதிரி" என்றார் தையல்காரம்மா. "இதுக்குன்னே ஒரு நாள் கடைய சாத்திட்டு, புது டப்பாவ உடைச்சு, மருந்து அளக்கற மாதிரி அளந்து கலந்து, எல்லாத்தையும் ஒரே உக்காரலா ஒட்டி முடிச்சேன். ஒரு பிசிறு இருக்கா பாரு."

என் மனைவியின் கை அப்படியே நின்றது. "படகுக்குக் கலந்த கப்புல மிஞ்சினது இல்லையாம்மா இது?"

"மிஞ்சினதா? நல்லா இருக்கே. மிச்சத்த அடுத்தவங்களுக்குக் குடுக்கற பழக்கம் எங்க வீட்டுல கிடையாதும்மா."

மாமா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, ஞாயிற்றுக்கிழமை தான் பேசப்போவதன் முன்னுரையைத் தொடங்கியிருந்தார். "பிணைப்பு என்பது ஒரு…"

"அப்பா, ஒரு நிமிஷம்" என்றாள் என் மனைவி. "அம்மா, படகுக்கு எப்படிக் கலந்தீங்க?"

"கண்ணளவுதான். துணியே கண்ணளவுல வெட்டறவ நான். குளிர் அடிச்ச நாள்ல சின்ன டப்பாலேர்ந்து ஒரு சொட்டு கூட விட்டேன். காய வேணாமா?"

"ஒரு சொட்டா?"

தையல்காரம்மா என்னைப் பார்த்தார். ரெண்டுக்கு ஒண்ணு என்று ஃபோனில் அவரிடம் நான் ஓதிய ஓதல் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

"சொட்டுன்னா… ஒரு தாராளமான சொட்டு" என்றார்.

விஷயம் இதுதான். உடைத்துப் பார்த்த குச்சிகளுக்கும் அந்தப் படகுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படகு உறுதி என்று எங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆனால் உறுதியா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அந்தம்மா அதில் தனியாக ஏறி ஏரியின் நடுவே போகப் போகிறார்.

"நீச்சல் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"படகு வச்சிருக்கறவளுக்கு நீச்சல் எதுக்கு?"

மாமா பிஸ்கட்டை நனைத்த கையோடு மகளைப் பார்த்தார். பிஸ்கட் பாதி உடைந்து தேநீருக்குள் விழுந்தது. "மிதக்கும்லம்மா? பேனர் அடிச்சாச்சு."

"மிதக்கும்ப்பா. எவ்வளவு தூரத்துக்குன்னுதான் தெரியல."

"அப்படின்னா நான் கரையிலேர்ந்தே கையசைக்கறேன்" என்றார் தலைமைப் பிணைப்பாளர். "தலைவர்னா கரையில நிக்கறதுதான் முறை."

மறுநாள் காலை கடைக்குப் போனோம். நான் அந்தப் படகை அதுவரை பார்த்ததில்லை. ஃபோனில் கேட்ட சண்டையை வைத்து ஏதோ ஒரு பெட்டியை எதிர்பார்த்துப் போயிருந்தேன். கடையில் படகு மட்டும்தான் இருந்தது. தையல் மெஷின் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. வாடிக்கையாளர்களின் அரைகுறைச் சட்டைகள் மேலே கயிற்றில் தொங்கி, எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தன. அளவு கொடுக்க வருகிறவர்கள் கொஞ்ச நாளாகப் படகுக்குள் நின்றுதான் கொடுக்கிறார்களாம்.

பிளைவுட் என்பது கடையில் சாத்தி வைத்தால் கதவு மாதிரி நிற்கிற ஜடம். அதை நான் தினம் பார்க்கிறேன். அந்தத் தட்டைப் பலகைகள் இங்கே ஒன்றையொன்று பிடித்து இழுத்து, வளைந்து, முனையில் மெலிந்து, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருப்பது போல நின்றன. ஆணி இல்லை, திருகு இல்லை, கம்பி உருவிய இடங்களில் கடுகு அளவுப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. அவ்வளவுதான் மிச்சம். பசை என்று இரண்டு டப்பாவில் நாங்கள் அடைத்து அனுப்பியது இங்கே வந்து இதுவாகியிருந்தது. எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. சொல்ல மனம் வரவில்லை.

"வாய மூடுங்க தம்பி, ஈ போயிடும்" என்றார் தையல்காரம்மா. ஆனால் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

என் மனைவி படகுக்குள் மண்டியிட்டு மூலை மூலையாக நகத்தால் கீறிப் பார்த்தாள், ஒரு சாவியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். சில இடங்களில் நகம் வழுக்கியது. ஓரிரு இடங்களில் லேசாக அழுந்தி நின்றது.

"இங்கல்லாம் லேசா மெத்துன்னு இருக்கற மாதிரி தெரியுதும்மா. அந்தச் சொட்டு விழுந்த நாளா இருக்கும். ஒரு உள்ளங்கை அளவுக்கு இந்த மூலைய வெட்டி எடுத்து உடைச்சுப் பாத்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்."

தையல்காரம்மாவின் கை மேஜையில் இருந்த கத்தரிக்கோல் மேல் போய் உட்கார்ந்தது. துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல்.

"வெட்டறதா? எதை?"

"திரும்ப அடைச்சிடலாம்மா. நாங்களே வந்து…"

"அளவு தப்புன்னு சொல்லு, ஒத்துக்கறேன். சொட்டு விட்டது தப்புன்னு சொல்லு, அதையும் ஒத்துக்கறேன். என் படகுல கத்திய வைக்கறேன்னு சொல்லாத." குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினார். "குடம் ஓட்டையான்னு பாக்கறதுக்குக் குடத்த வெட்டுவாங்களா? தண்ணிய ஊத்திப் பாப்பாங்க. என்ன படிச்சியோ போ."

என் மனைவிக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து நின்று, படகின் நீளத்தையும் அகலத்தையும் கண்ணால் ஒரு தடவை தடவினாள். உதடு அசைந்தது. ஏதோ பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊத்திப் பாக்கலாம்" என்றாள். "ஆனா சும்மா ஓட்டையான்னு பாக்க இல்ல. ரெண்டு முனைக்கும் மட்டும் முட்டுக் குடுத்து, நடுவுல ஒண்ணும் இல்லாம தொங்க விட்டு, வழிய வழிய ஊத்தணும். நீங்க, உங்க அக்கா, எங்கப்பா, இவரு எல்லாரும் ஏறி உக்காந்து குதிச்சாலும் அவ்வளவு பாரம் வராது. அதத் தாங்கிச்சுன்னா ஏரி ஒண்ணுமே இல்ல. தாங்கலன்னா தெருவுலயே பிளந்துடும். என்னால ஒட்டிக் குடுக்க முடியாது. சம்மதமா?"

கத்தரிக்கோலிலிருந்து கை மெதுவாக விலகியது. கேள்வி கேட்டவர் அவர்தான். ஆனால் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. படகைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"தெருவுல பிளந்தா நனைவேன். நடு ஏரியில பிளந்தா அக்கா சிரிப்பா" என்றார். "ஊத்து."

முட்டுக்கட்டைகளை மாமா கொண்டுவந்தார். முழங்கால் உயரத்தில், நாலு கால் பரப்பி, மேலே ஒரு குறுக்குச் சட்டம் வைத்த இரண்டு மரக் குதிரைகள். "நானே என் கையால செஞ்சது" என்று இறக்கி வைத்தார். கடையின் முகப்பு முழுக்கத் திறக்கிற ஷட்டர் என்பதால், சுவரை இடிக்காமலே படகைத் தூக்கி வந்து தெருவில், கடை வாசற்படிக்கு முன்னால், அவற்றின் மேல் முனைக்கு ஒன்றாக வைத்தோம். பின்கட்டுக் குழாயிலிருந்து ரப்பர் ட்யூப் வந்தது.

தண்ணீர் விழத் தொடங்கியதும் தெரு கூடிவிட்டது. பக்கத்து சலூன்காரர் கையில் சீப்போடு வந்தார். அவருக்குப் பின்னால் பாதி முடி வெட்டிய தலையோடு அவருடைய வாடிக்கையாளர்.

"படகக் கழுவறாங்களா?"

"இல்லப்பா, ஊற வைக்கறாங்க. சுருங்குதான்னு பாக்க. துணின்னா செய்வாங்கல்ல."

"தண்ணி வெளியிலதானே இருக்கணும்? உள்ள ஊத்தறாங்களே?"

"மாத்திப் போட்டுட்டாங்க போல. தையக்காரம்மா இல்ல? உள் பக்கம் வெளி பக்கம் குழம்பியிருக்கும்."

தையல்காரம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சீப்பும் பாதித் தலையும் பின்வாங்கின.

முதலில் அடியில் ஒரு மினுமினுப்பு. பிறகு கணுக்கால் அளவு. பிறகு முட்டளவு. தண்ணீர் ஏற ஏறச் சிரிப்பு குறைந்தது. படகு சத்தம் போட ஆரம்பித்தது. மரம் முறுக்கிக்கொள்கிற, அடிவயிற்றிலிருந்து வருகிற முனகல். நடுப்பகுதி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கீழே தாழ்ந்தது. பக்கப் பலகைகள் புடைத்தன. மூலைக் கோடுகள் மட்டும் அசையவில்லை. என் மனைவி தரையில் குப்புறப் படுத்து, படகின் அடியில் தலையை நுழைத்து, கோடு கோடாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவ்வளவு பாரத்துக்குக் கீழே அவள் தலை இருப்பதைப் பார்த்துக் குனிந்து அவள் காலைத் தட்டினேன்.

"வெளிய வா" என்றேன்.

"இருங்க. ஒரு சொட்டு இல்ல." அடியிலிருந்து குரல் வந்தது. "ஒரு சொட்டு கூட இல்ல."

விளிம்பு வரை நிரம்பியது. ட்யூபை எடுத்ததும் மேல்பரப்பு அமைதியானது. அதில் மேகம் தெரிந்தது, எதிர்மாடிக் கம்பியில் காய்ந்த துணிகள் தெரிந்தன, குனிந்து பார்த்த எங்கள் முகங்கள் தெரிந்தன. அந்தத் தெருவில் ஒரு துண்டு ஏரி தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நின்றது. அதைப் பிடித்து வைத்திருந்தது சுண்டுவிரல் அகலக் கோடு ஒன்று. தையல்காரம்மா ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டியிருந்த அங்குஸ்தானைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பாதித் தலைக்காரர் தன் கழுத்துத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், ஏதோ மரியாதை போல.

இப்படி ஒரு அமைதியை மாமாவால் பொறுத்துக்கொள்ள முடியாது. படகின் முன்முனையருகே போய், அதன் மேல் ஒரு கையை வைத்து, இன்னொரு கையின் விரலை உயர்த்தினார்.

"அன்பர்களே, பிணைப்பு என்பது வெறும் பசை அல்ல. அது ஒரு…"

படீர் என்று சத்தம் வந்தது.

என் மனைவி அடியில் இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். அதை மட்டும்தான் முதலில் பார்த்தேன். முன்முனை அப்படியே இறங்கி வாசற்படியின் கல் விளிம்பில் மோதியது. உள்ளே இருந்த ஏரி மொத்தமும் ஒரே பக்கமாக ஓடிவந்து, எழுந்து, மாமாவைத் தலையோடு மூழ்கடித்துவிட்டுத் தெருவில் ஓடியது. தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு, "போச்சு" என்றார், ரொம்ப மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தண்ணீர் வடிந்தது. மாமா உயர்த்திய விரலோடு நின்றுகொண்டிருந்தார். விரல் நுனியிலிருந்து சொட்டியது. படகு ஒரு முனை தரையிலும் ஒரு முனை குதிரையிலுமாகச் சாய்ந்து, பாதித் தண்ணீரை இன்னும் வயிற்றில் வைத்துக்கொண்டு, முழுசாக இருந்தது.

உடைந்தது முட்டுக்கட்டையின் கால்.

என் மனைவி படியருகே மண்டியிட்டாள். கல் மோதிய இடத்தில் பலகையில் ஒரு கிழிசல் இருந்தது. கைநீளக் கிழிசல். நார் பிய்ந்து, தண்ணீர் கசிந்தது. மோதிய இடத்திலிருந்து அது நேராக மூலைக்கோட்டைப் பார்த்து ஓடியிருந்தது. கோட்டைத் தொட்டதும் நின்று, திரும்பி, அதன் ஓரமாகவே கொஞ்ச தூரம் போய் ஓய்ந்திருந்தது. கோட்டைத் தாண்டவில்லை. அவள் நகம் அழுந்தி நின்ற மூலை அதுதான். என் மனைவி விரலை வைத்து அந்தத் திருப்பத்தை இரண்டு மூன்று தடவை தடவினாள். நானும் தடவினேன். பிறகு சலூன்காரர் வந்து தடவினார்.

"கண்ணத் தொறந்து பாருங்கம்மா" என்றாள் என் மனைவி. "மரம் விட்டுடுச்சு."

தையல்காரம்மா குனிந்து பார்த்தார். அவர் கண் கோட்டின் மேல் தையலைப் பார்க்கிற மாதிரியே, ஒவ்வொரு விரல் அகலமாக நகர்ந்தது. "பசை விடலையே" என்றார். "அப்போ அந்தச் சொட்டு?"

"கூடத்தான் போயிருக்கு. மெத்துன்னுதான் இருக்கு. ஆனா இந்தக் கலவைய நான் போடும்போதே, கண்ணளவுல ஊத்தறவங்க, கை நடுங்கறவங்க, சொன்னாக் கேக்காதவங்க எல்லாரையும் நினைச்சுத்தான் போட்டேன். தேவைக்கு மேல கொஞ்சம் பலம் வச்சிருக்கேன். நீங்க அதுல கை வச்சிருக்கீங்க. எவ்வளவு எடுத்தீங்கன்னு தெரியாமத்தான் பயந்தேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

இத்தனை வருஷமாக அவள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. ஃபோனில் நான் ரெண்டுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ஒண்ணு என்று கத்திக்கொண்டிருந்தபோது, கேட்காதவர்களையும் சேர்த்து அவள் டப்பாவுக்குள் ஏற்கெனவே தாங்கி வைத்திருக்கிறாள். முகம் தெரியாத ஆட்களின் அசட்டுத்தனத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்தேன். கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. துடைக்கக் கூடத் தோன்றவில்லை எனக்கு.

அவள் உடைந்த முட்டுக்கட்டைக் காலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா. இது ஆணியா?"

மாமா மூக்கிலிருந்த தண்ணீரைத் துடைத்தார். "அதும்மா… சின்ன வேலைதானே, இதுக்குப் போய் எதுக்குப் பசைய வீணாக்கணும்னு…"

அந்தத் தெருவில் அதற்குப் பிறகு கிளம்பிய சிரிப்பில் தையல்காரம்மாவின் சிரிப்புதான் உயரமாகக் கேட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது சிரிப்பினால்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. கிழிசலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒட்டுப் போட என் மனைவி தராசோடு கடைக்குப் போனாள். அளந்துதான் கலக்க வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றாள். "புடவைக்கு ஒட்டுப் போடறதுக்கு மாமியார் வந்து நின்ன மாதிரி இருக்கு" என்று தையல்காரம்மா முனகினார், ஆனால் அளந்தார். மெத்தென்று இருந்த மூலைகளின் மேல் இன்னொரு பூச்சும் பூசினார். முடிந்ததும் கப்பின் அடியில் மிஞ்சியதை வழித்து, இரண்டு பலகைத் துண்டுகளை ஒட்டி, துணி காயப் போடுகிற கிளிப்பால் கவ்வ வைத்தார். காய்ந்த பிறகு அதை ஒரு துணித்துண்டில் சுற்றிக் கொடுத்தார். ஒரு பக்கம் வழிந்திருந்தது. அவர் கைரேகை இருந்தது.

"யார் கண்ணுலயும் படாம வச்சுக்கோம்மா. எனக்கே வெக்கமா இருக்கு."

என் மனைவி அதை உடைத்தாள். மரம் கிழிந்தது. சுவரின் நடுவில் மாட்டினாள்.

ஞாயிறு வந்தது. படகு மன்றத் தலைவர் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டோடு வந்து, ஏரியிலிருந்து பத்திரமான தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாமா மைக்கைப் பிடித்தார். மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டால்தான் படகில் ஏறலாம் என்று என் மனைவி நிபந்தனை போட்டிருந்தாள். அது தொளதொளவென்று இருக்கிறது என்று தையல்காரம்மா அதை முந்தைய நாளே பிரித்துத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்திருந்தார். மாமா 'பிணைப்பு என்பது' வரை வந்தபோது படகு தண்ணீரில் இருந்தது. 'வெறும் பசை அல்ல' என்றபோது துடுப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. அவர் முடித்துவிட்டுக் கைதட்டலுக்காக நிமிர்ந்தபோது நாங்கள் எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து நின்றோம்.

படகு வட்டமாகச் சுற்றவில்லை. நேராகப் போனது. போகப் போக ஒரு இலை அளவு ஆனது, பிறகு ஒரு கடுகு. அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் அவ்வளவு சின்னதாக. அந்தம்மாவுக்கும் அவருக்கு அடியில் இருக்கிற ஆழத்துக்கும் நடுவே இருந்தது எங்கள் இரண்டு டப்பா. நான் என் மனைவியைத் தேடினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குச்சி உடைக்கும்போது நிற்பது போலவே நின்றிருந்தாள். பிறகு கடுகும் தெரியவில்லை.

மாமா பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கம்பெனி ஃபோன் என் பையில் அடித்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல்.

"தம்பி, வந்துட்டேன்."

"அக்கா?"

"இங்கதான் நிக்கறா. வந்ததுலேர்ந்து படகச் சுத்திச் சுத்தி வந்து குனிஞ்சு பாக்கறா. கோணல் எங்கன்னு தேடறா. கிடைக்கல." சிரிப்பு. "சோறு போடறாளாம். இருங்க, உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்."

ஃபோன் கை மாறியது. அதே குரல்தான், கொஞ்சம் மூத்தது.

"பசைக் கம்பெனியா? எங்க வீட்டு நாற்காலி ஒண்ணு ரொம்ப நாளா கால் ஆடுது. இவ உங்க டப்பாவக் கொண்டுவந்திருக்கா. ஒண்ணு கேக்கறேன். சின்ன டப்பாவுல கொஞ்சம் கூட ஊத்தினா சீக்கிரம் காயுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து தையல்காரம்மாவின் குரல் ஏரியைத் தாண்டிக் கேட்கிற மாதிரி வந்தது.

"காயாதுக்கா. ரெண்டுக்கு ஒண்ணு. கப்புல மிஞ்சறத எறிஞ்சிடாத, எனக்கு வேணும்."